அரிக்கும் சாறு, கரும்பு போல் தண்டு: அது டைஃபன்பேக்கியாதான்

வாரச்சந்தையில் வாங்கிய செடி, முழ நீள இலை, நடுவில் பாலைத் தெளித்தது போல வெளுப்பு, வெட்டியபோது கையில் பட்ட சாறு அரித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இது அக்லோனிமா என்ற இன்னொரு அழகுச் செடியா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. அக்லோனிமா இலை இதைவிடச் சிறிது, தண்டும் மெலிது. உங்கள் படத்தில் தெரிகிற, கரும்பு போல வளையம் வளையமான பருத்த தண்டு டைஃபன்பேக்கியாவுடையது. அமெரிக்க வெப்பமண்டலக் காட்டுச் செடி.

இது சேப்பங்கிழங்கின் குடும்பம். அரிப்புக்குக் காரணம் சாற்றில் இருக்கும் ஊசி போன்ற கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள். கருணைக்கிழங்கை நாம் புளி விட்டு வேக வைப்பதும் இதே தொல்லைக்காகத்தான். கடித்தால் நாக்கு வீங்கிப் பேச்சே வராமல் போகலாம். ஆங்கிலத்தில் இதை 'ஊமைத் தண்டு' என்றே சொல்கிறார்கள். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது என்கிறீர்கள். அதற்காகச் செடியைத் தூக்கி எறிய வேண்டாம், ஆனால் கைக்கு எட்டாத உயரத்துக்கு இன்றே மாற்றுங்கள். மீறிக் கடித்துவிட்டால் வாயைத் துடைத்துக் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

அடி இலை ஒன்றிரண்டு பழுப்பது வயதினால். நான்கைந்து சேர்ந்து பழுத்தால் தண்ணீர் அதிகம். மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். நேர் வெயில் வேண்டாம், இலை கருகும்.

அப்புறம், அடுத்த முறை வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வெட்டிய நுனியை எறிந்துவிடாமல் தண்ணீரில் வையுங்கள், வேர் விடும்.