நமக்கு லீவு என்றால் டாலருக்கும் லீவா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் சிறிய அண்டி ஆபீஸ் நடத்துகிறேன். முந்திரிப் பருப்பு ஏற்றுமதியில் இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை 50,000 டாலர் அளவுக்குப் பணம் வரும். இடையில் டாலர் இறங்கினால் கையைக் கடிக்குமே என்று என்எஸ்இ என்ற தேசியப் பங்குச் சந்தையில் டாலர்-ரூபாய் ஃபியூச்சரை (பின்னொரு நாளுக்கான விலையை இன்றே முடிவு செய்யும் ஒப்பந்தம்) விற்று வைப்பேன். விடுமுறை வந்தாலே குழப்பம்தான். ஓணத்துக்கும் கோட்டாறு திருவிழாவுக்கும் இங்கே லீவு, ஆனால் மார்க்கெட் ஓடுகிறது. இங்கே வேலை நாளாக இருக்கும்போது மார்க்கெட் மூடியிருக்கிறது. ஒரு லீவு முடிந்து திறந்தபோது நஷ்டம் கூடினால் தானாக மூடிவிடும் ஸ்டாப் லாஸ் ஆர்டர் போட்டிருந்தும் வேலை செய்யவில்லை. வாங்குபவர் அனுப்பிய டாலரும் தாமதமாகத்தான் கணக்கில் ஏறியது. லீவே இல்லாத வெளிநாட்டு ஆப் இருக்கிறது, அதில் செய் என்கிறார் நண்பர். மஸ்கட்டில் உள்ள தம்பி எந்தக் கிழமை பணம் அனுப்பலாம் என்று கேட்கிறான். விளக்குங்கள்.

பதில்: நம் மாவட்டத்தின் லீவுக்கும் டாலர் விலைக்கும் சம்பந்தமே இல்லை. ரூபாய் மும்பை நாள்காட்டிப்படி நடக்கிறது, டாலர் நியூயார்க் நாள்காட்டிப்படி. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் நீங்கள் கேட்டவற்றில் பாதிக்குப் பதில் கிடைத்துவிடும்.

டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காடு கொடை, ஓணம் ஆகியவற்றுக்கு ஆட்சியர் விடும் உள்ளூர் விடுமுறை அறிவிப்பைக் கடைசி வரி வரை படியுங்கள். ‘செலாவணி முறிச் சட்டம் 1881-ன்படி அறிவிக்கப்பட்டதல்ல’ என்று இருக்கும். பள்ளிக்கும் அரசு அலுவலகத்துக்கும்தான் அது லீவு, வங்கிக்கு அல்ல. பொங்கல் அப்படியல்ல. தமிழ்நாட்டில் வங்கிக் கிளைகள் மூடியிருக்கும், ஆனால் மும்பை சந்தை பொதுவாக நடக்கும். உங்கள் ஃபியூச்சரின் அன்றாட லாப நஷ்டக் கணக்கும் அன்றே முடிக்கப்படும். கிளை திறந்ததும் கட்டிக்கொள்ளலாம் என்று இருந்தால், மார்ஜின் (புரோக்கரிடம் கட்டும் பிணைத் தொகை) போதவில்லை என்று புரோக்கரே உங்கள் பொசிஷனை, அதாவது கையில் உள்ள ஒப்பந்தங்களை, குறைத்துவிடலாம். நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தும் ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்தும் 24 மணி நேரமும் இயங்குவதால், பொங்கல் நாளிலும் பணம் ஏற்றத் தடையில்லை.

இதற்கு நேர்மாறான நாட்களும் உண்டு. பிப்ரவரி 19 சிவாஜி ஜெயந்தியன்று பங்குச் சந்தை ஓடும், கரன்சி பிரிவு மூடியிருக்கும். வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிப்புக்காக ஏப்ரல் 1-ம் அப்படித்தான். ஆப்பில் நிஃப்டி துள்ளும், டாலர்-ரூபாய் அசையாமல் நிற்கும். ஆப் பழுதென்று நினைக்க வேண்டாம். என்எஸ்இ-யின் விடுமுறைப் பட்டியலில் ‘கரன்சி டெரிவேட்டிவ்ஸ்’ என்ற பகுதியைத் தனியாகப் பாருங்கள். பங்குகளுக்கான பட்டியல் உங்களுக்குப் பயன்படாது.

இனி ஸ்டாப் லாஸ். மும்பை மூடியிருந்தாலும் சிங்கப்பூர், லண்டன், நியூயார்க்கில் ரூபாய்க்கான என்டிஎஃப் என்ற வெளிநாட்டு ஒப்பந்தங்கள் நடந்துகொண்டே இருக்கும். நாம் திறக்கும்போது விலை அங்கே எங்கே நிற்கிறதோ, அதை ஒட்டியே தொடங்கும். 90.00-ல் விற்று, 90.25 ட்ரிகர் (ஆர்டர் உயிர்பெறும் விலை), 90.30 லிமிட் (அதற்கு மேல் வாங்காத விலை) என்று வாங்கும் ஆர்டர் போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லீவு கழிந்து சந்தை 90.45-ல் திறந்தால் ட்ரிகர் அடிக்கும். ஆனால் 90.30-க்கு விற்க ஆள் இருக்காது, ஆர்டர் தொங்கி நிற்கும். ஒரு லாட் 1,000 டாலர் என்பதால் 50 லாட்டுக்கு 45 பைசா வீதம் ₹22,500 நஷ்டம் காட்டும்.

ஆனால் உங்களுக்கு ஸ்டாப் லாஸ் எதற்கு? டாலர் 45 பைசா ஏறினால், வரப்போகும் 50,000 டாலரும் ₹22,500 கூடுதலாகத்தானே வரும்? ஃபியூச்சரில் போவது பில்லில் திரும்பிவிடும். நடுவில் ஸ்டாப் லாஸ் அடித்து ஃபியூச்சர் மூடப்பட்டு, பிறகு டாலர் இறங்கினால்தான் இரண்டு பக்கமும் அடி. இப்படி விலை மாற்றத்துக்குக் காப்பாக ஹெட்ஜ் செய்பவருக்கு வேண்டியது கையில் ரொக்கம். ஃபியூச்சர் நஷ்டத்தை அன்றன்றே கட்ட வேண்டும், பில் பணமோ பிறகுதான் வரும். நீண்ட விடுமுறைக்கு முன் மார்ஜினுக்கு மேல் லாட்டுக்கு ₹1,000 வீதம், 50 லாட்டுக்கு ₹50,000 உபரியாக வைத்திருங்கள். ஒரு ரூபாய் தாண்டித் திறந்தாலும் அது தாங்கும்.

பெரிய வெள்ளியில் கவனம் வேண்டும். மும்பை மூடியிருக்கும், நியூயார்க் பங்குச் சந்தையும் மூடியிருக்கும். ஆனால் அமெரிக்க மத்திய அரசின் விடுமுறைப் பட்டியலில் அந்த நாள் கிடையாது. 2023 ஏப்ரல் 7 பெரிய வெள்ளியன்று அமெரிக்க வேலைவாய்ப்புப் புள்ளிவிவரம் நம் நேரப்படி மாலை 6 மணிக்கு வெளியானது. ரூபாய் அதற்குப் பதில் சொல்ல திங்கள்கிழமை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எக்ஸ்பயரியையும் எண்ணிப் பாருங்கள். மாதத்தின் கடைசி வேலை நாளுக்கு இரண்டு வேலை நாள் முன்னதாக, மதியம் 12.30-க்கு ஒப்பந்தம் முடியும். 31 வெள்ளி என்றால் 29 புதனில் முடியும். 30 வியாழன் மும்பையில் லீவு என்றால் 28 செவ்வாய்க்கே போய்விடும்.

டாலர் தாமதமானதற்குக் காரணம் நியூயார்க். வாங்குபவர் எந்த நாட்டில் இருந்தாலும் டாலர் என்றால் அங்குள்ள வங்கி வழியாகத்தான் வரும். ஜனவரி, பிப்ரவரி மூன்றாம் திங்கள், மே கடைசித் திங்கள், ஜூன் 19, ஜூலை 4, செப்டம்பர் முதல் திங்கள், அக்டோபர் இரண்டாம் திங்கள், நவம்பர் 11, நவம்பர் நான்காம் வியாழன், கிறிஸ்துமஸ், புத்தாண்டு ஆகியவை அங்கே விடுமுறை. விடுமுறை சனிக்கிழமையில் விழுந்தால் முந்தைய வெள்ளியன்று ஃபெடரல் ரிசர்வ் வங்கிகள் திறந்தே இருக்கும். 2026 ஜூலை 4 அப்படிப்பட்ட சனிக்கிழமை. பில்லின் தவணை நாளைக் குறிக்கும்போதே இவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

வந்த டாலரை விற்கும்போதும் இது காசைத் தொடும். வங்கியின் ‘ஸ்பாட்’ விலை இரண்டு வேலை நாள் கழித்துக் கைமாறும் டாலருக்கானது. அன்றைக்கே ரூபாய் வேண்டுமென்றால் ‘கேஷ்’ விலை, அதில் இடைப்பட்ட நாட்களின் பிரீமியம் (பிந்தைய தேதி டாலருக்கு உள்ள கூடுதல் விலை) கழியும். பிரீமியம் ஆண்டுக்கு 2 சதவீதம், டாலர் 90 என்று வைத்தால் நாளுக்கு ஏறக்குறைய அரை பைசா. திங்கள் விற்றால் ஸ்பாட் புதன், கழிவது ஒரு பைசா, 50,000 டாலருக்கு ₹500. வியாழன் விற்கும்போது அடுத்த திங்கள் அமெரிக்க விடுமுறை என்றால் ஸ்பாட் செவ்வாய்க்குத் தள்ளிப்போகும், ஐந்து நாள், ₹1,250. இது பெரிய தொகை அல்ல. பெரிய தொகை போவது வங்கி தன் லாபமாக வைக்கும் விளிம்பில், அதில் பத்து பைசா என்றாலே ₹5,000. வங்கிகளுக்கிடையேயான ரூபாய் சந்தை காலை 9 முதல் மாலை 3.30 வரை. அதற்குள், லீவுக்கு முந்தைய நாளாக இல்லாமல் பார்த்து, கார்டு ரேட் (எல்லோருக்கும் பொதுவான அன்றைய விலை) வேண்டாம், டிரெஷரி ரேட் (அந்த நேரச் சந்தையை ஒட்டிய விலை) வாங்கித் தாருங்கள் என்று கிளையில் கேளுங்கள்.

ஃபியூச்சருக்குப் பதிலாக வங்கியில் ஃபார்வர்டு (பின்னொரு நாளில் டாலரைத் தர இன்றே விலை பேசும் ஒப்பந்தம்) போடுவதாக இருந்தால் ஒரு விதி தெரிந்திருக்க வேண்டும். கடைசி நாள் முன்பே தெரிந்த விடுமுறை என்றால் முந்தைய வேலை நாளிலேயே டாலரைக் கொடுக்க வேண்டும். திடீரென்று அறிவிக்கப்பட்ட விடுமுறை என்றால் மட்டுமே அடுத்த வேலை நாள். 2024 ஜனவரி 22-ல் மகாராஷ்டிரம் அப்படித் திடீர் லீவு விட்டு, அந்நியச் செலாவணிச் சந்தையும் மூடப்பட்டது.

நண்பர் சொல்லும் ஆப்புக்கு வருவோம். லீவே இல்லை என்பதுதான் அதில் ஆபத்து. விடுமுறையில் பெரிய வங்கிகளின் டீலர்கள் மேஜையில் இருக்க மாட்டார்கள், ஆர்டர்கள் குறைவு, சிறிய விற்பனையும் விலையை இழுத்துக்கொண்டு போகும். 2019 ஜனவரி 3, ஜப்பானில் புத்தாண்டு விடுமுறை. நம் நேரப்படி அதிகாலை 4 மணி வாக்கில், சில நிமிடங்களில் டாலர் 105 யென்னுக்கும் கீழே விழுந்து மீண்டது. 2024 ஏப்ரல் 29-ம் ஜப்பானில் லீவு. டாலர் 160 யென்னைத் தாண்டியது. சந்தை மெலிந்திருந்த அந்த நாளிலேயே ஜப்பான் அரசு டாலரை விற்று இறங்க, சில மணி நேரத்தில் 155-க்கும் கீழே போனது. எந்தப் பக்கம் நின்றவரும் அன்று அடி வாங்கியிருப்பார். அத்தோடு இப்படிப்பட்ட தளங்களில் விடுமுறைக்கு ஸ்பிரெட் (வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம்) விரியும், பொசிஷனை வைத்திருந்தால் பல நாள் வட்டி ஒரே இரவில் பிடிக்கப்படும்.

அதைவிட முக்கியம், ரிசர்வ் வங்கி அங்கீகரிக்காத தளத்தில் இந்தியாவில் வசிப்பவர் வர்த்தகம் செய்வது ஃபெமா (அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம்) மீறல். தாராளமயப் பண அனுப்பல் திட்டத்தின் கீழும் மார்ஜினுக்குப் பணம் அனுப்ப முடியாது. பிடிபட்டால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் உண்டு. ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் 2022 செப்டம்பர் முதல் எச்சரிக்கைப் பட்டியல் வெளியிடுகிறது. அந்த ஆப்பின் பெயர் அதில் இல்லை என்பதற்காக அனுமதி பெற்றது என்று ஆகிவிடாது. உங்களுக்கு என்எஸ்இ போதும். ரூபாய் சார்ந்த ஃபியூச்சருக்கு உண்மையான டாலர் வரவு செலவு இருக்க வேண்டும் என்பது 2024 மே முதல் கறாராகிவிட்டது. உங்களிடம் பில் இருக்கிறது, அதன் நகலைப் பத்திரமாக வையுங்கள்.

தம்பிக்கு: ஒரு ஓமான் ரியால் 2.6008 டாலர் என்று நிலையாகக் கட்டப்பட்டது. ஈத் வந்தாலும் போனாலும் அது அசையாது, மாறுவது டாலர்-ரூபாய் மட்டும்தான். ஓமானில் வார விடுமுறை வெள்ளி, சனி. நமக்கு வெள்ளி வேலை நாள், ஞாயிறு லீவு. ஆக இரண்டு பக்கமும் திறந்திருப்பது திங்கள் முதல் வியாழன் வரை. மும்பையின் 9 முதல் 3.30 என்பது மஸ்கட்டில் காலை 7.30 முதல் மதியம் 2 மணி. அந்த நேரத்தில் பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்ச் கடைகள் இரண்டு, மூன்றில் விலையும் கட்டணமும் சேர்த்துக் கேட்டு அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளியன்றும் எக்ஸ்சேஞ்ச் திறந்திருக்கும், ஆனால் சனி, ஞாயிறு கடந்து திங்கள் என்ன ஆகுமோ என்ற பயத்துக்கும் சேர்த்தே அன்று மாலை விலை சொல்வார்கள். ஈத் நேரத்தில் வீட்டுக்கு அவசரத் தேவை இருந்தால், விடுமுறை தொடங்குவதற்கு இரண்டு வேலை நாள் முன்பே அனுப்பிவிடட்டும்.