லைனரை மாற்றும் முன் மணலைத் தடவிப் பாருங்கள்

கேள்வி: தரைக்கு மேல் நிற்கிற வட்டமான நீச்சல் குளம் எங்களுடையது. 15 அடி அகலம், 4 அடி உயரத் தகட்டுச் சுவர், உள்ளே தண்ணீரைப் பிடித்து வைக்கிற வினைல் பிளாஸ்டிக் விரிப்பு, அதாவது லைனர். வாங்கி எட்டு வருஷம் ஆகிறது. ஒரு மாதமாகத் தினம் இரண்டு அங்குலம் தண்ணீர் குறைகிறது. இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டும் நிற்கவில்லை. லைனரையே மாற்றிவிடலாம் என்கிறார் கணவர். ஆள் வைக்காமல் நாங்களே மாற்ற முடியுமா? எங்கே தப்பு நடக்கும்?

பதில்: முடியும். பெரியவர்கள் மூன்று பேர், வெயிலடிக்கிற, காற்றில்லாத ஒரு நாள், அவசரப்படாத மனசு, இவை இருந்தால் போதும். ஆனால் அதற்கு முன் ஒழுகுவது லைனர்தானா என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் கசிவது வேறு இடமாக இருந்தால் புது லைனர் போட்டாலும் அதே இரண்டு அங்குலம் குறையும்.

15 அடிக் குளத்தில் ஓர் அங்குலம் தண்ணீர் என்பது சுமார் 415 லிட்டர். அப்படியானால் தினம் 830 லிட்டர் போகிறது. வெயிலில் ஆவியாவது சாதாரணமாக நாளுக்குக் கால் அங்குலம், காற்றும் சூடும் சேர்ந்தால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஆகவே கசிவு நிச்சயம். பம்பை நிறுத்திவிட்டுத் தண்ணீர் எந்த மட்டத்தில் வந்து நிற்கிறது என்று கவனியுங்கள். ஸ்கிம்மர் (மேலே மிதக்கிற குப்பையை இழுக்கிற, சுவரில் உள்ள பெட்டி) வாயின் கீழ் விளிம்போடு நின்றுவிட்டால் தப்பு ஸ்கிம்மரின் கேஸ்கெட்டில், அதாவது கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையத்தில். ஃபில்டரிலிருந்து தண்ணீர் திரும்பி வருகிற துவாரத்தின் மட்டத்தில் நின்றால் அங்கே உள்ள கேஸ்கெட்டைப் பாருங்கள். பம்ப் ஓடும்போது மட்டும் வேகமாகக் குறைந்தால் குழாய், ஃபில்டர் பக்கம் தேடுங்கள். அதையெல்லாம் தாண்டிக் கீழே இறங்கிக்கொண்டே இருந்தால்தான் லைனர். சந்தேகப்படுகிற இடத்துக்குப் பக்கத்தில், தண்ணீரைக் கலக்காமல், சமையலுக்குப் போடுகிற கலரை இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். ஓட்டை இருந்தால் அந்தக் கலர் நூல் மாதிரி நீண்டு உள்ளே போவது கண்ணுக்குத் தெரியும்.

ஒட்டு ஏன் நிற்கவில்லை என்று யோசித்தீர்களா? வினைலை வளையச் செய்கிற பொருள் வெயிலிலும் குளோரினிலும் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடுகிறது. எட்டு வருஷத்தில் லைனர் விறைத்துப்போகும், ஒரு கிழிசலை ஒட்டினால் ஒட்டின் ஓரத்திலேயே அடுத்தது கிழியும். உங்கள் கணவர் சொல்வது சரி.

வாங்கும்போது, சுவரின் உச்சியில் பழைய லைனர் எப்படி நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சுவருக்கு மேல் மடித்துப் போட்டு, மேலே பிளாஸ்டிக் பட்டை செருகியிருப்பது ஒரு வகை. விளிம்பில் தடித்த பட்டி இருந்து, சுவரோடு ஓடுகிற காடியில் அது மாட்டிக்கொள்வது இன்னொரு வகை. மாற்றி வாங்கினால் தலைவலி. குளத்தின் அகலத்தைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தடவை அளந்து பாருங்கள். தடிமனைக் கேஜ் கணக்கில் சொன்னால் விடாமல் மில்லிமீட்டரில் கேளுங்கள். அரை மில்லிமீட்டர் இருந்தால் நல்லது.

இனி வேலை. பம்பின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுத் தண்ணீரை முழுக்க இறைத்துவிடுங்கள். இறைத்த பிறகு அந்தச் சுவர் வெறும் தகடுதான், அதை நிமிர்த்தி வைத்திருந்ததே தண்ணீரின் பாரம். ஒரு நல்ல காற்று போதும், மடங்கிவிடும். அதனால் காலையில் ஆரம்பித்தால் சாயங்காலத்துக்குள் புது லைனரில் தண்ணீர் ஏறத் தொடங்கிவிட வேண்டும். மேல் சட்டங்களைக் கழற்றும்போது திருகுகளை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். பழைய லைனரைக் கத்தியால் கீற்றுக் கீற்றாக வெட்டி எடுக்கலாம்.

ஆனால் உடனே தூக்கி எறிய வேண்டாம். நான் யாரிடம் பேசினாலும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஓட்டை எங்கே இருந்தது என்று தேடி, அதற்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். மிளகு அளவு கல்லாக இருக்கும். அல்லது ஒரு வேர் நுனி. கோரைப் புல் இருந்தால் இன்னும் மோசம், அதன் முளை ஊசி மாதிரி வினைலைத் துளைத்துக்கொண்டு உள்ளேயே வந்துவிடும். லைனர் என்பது வெறும் தோல். உங்கள் குளத்தில் 17 டன்னுக்குக் குறையாத தண்ணீர் நிற்கிறது, அத்தனை பாரத்தையும் தாங்குவது அடியில் இருக்கிற மணலும் தரையும்தான். கல்லை எடுக்காமல் புது லைனரை விரித்தால் அதே இடத்தில் மறுபடியும் ஓட்டை விழும்.

மணலை மட்டம் பண்ணிய பிறகு முட்டி போட்டு, உள்ளங்கையால் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தடவிக்கொண்டே போங்கள். கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும். கோரைக் கிழங்கு கிடைத்தால் தோண்டி எடுத்துவிடுங்கள், மேலே கிள்ளிவிட்டால் போதாது. சுவரும் தரையும் சேருகிற மூலையில் சுற்றிலும் ஆறு அங்குல உயரத்துக்கு மணலைச் சரிவாக ஏற்றி அழுத்துங்கள். இல்லையென்றால் தண்ணீரின் அழுத்தத்தில் லைனர் சுவருக்கு அடியில் பிதுங்கும். அப்புறம் சுவரின் உள்பக்கம், முக்கியமாக ஸ்கிம்மருக்குக் கீழே. கசிந்த தண்ணீர் அங்கேதான் வழிந்திருக்கும். துருவை உப்புத்தாளால் தேய்த்து, துருத் தடுப்பு பெயின்ட் அடித்து, காயவிடுங்கள். விரலால் அழுத்தினால் தகடு உள்ளே போகிறது என்றால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள், அந்தச் சுவரை நம்பித் தண்ணீர் நிரப்பக்கூடாது.

புது லைனரைக் கொஞ்ச நேரம் வெயிலில் விரித்து வைத்தால் இளகும். செருப்பில்லாமல் இறங்குங்கள். மாட்டிய பிறகு வேக்குவம் கிளீனரின் குழாயை லைனருக்கும் சுவருக்கும் நடுவே ஓரடி இறக்கி, இடுக்குகளையும் ஸ்கிம்மர் துளையையும் டேப் போட்டு அடைத்து ஓட விடுங்கள். உள்ளே இருக்கிற காற்றை அது உறிஞ்ச உறிஞ்ச, தொளதொளவென்று தொங்கிய வினைல் சுவரோடு போய் அப்பிக்கொள்ளும், தரையில் இருக்கிற சுருக்கமெல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். மெஷினும் வயரும் குளத்துக்கு வெளியே, ஈரம் படாத இடத்தில் இருக்கட்டும். ஓர் அங்குலத் தண்ணீர் ஏறியதும் நடுவிலிருந்து ஓரத்துக்குக் காலால் தள்ளித் தள்ளி மிச்சச் சுருக்கத்தை எடுங்கள். அந்த மட்டத்தில்தான் சரி பண்ண முடியும், அதற்கு மேல் ஏறினால் லைனர் அசையாது.

புது லைனரில் ஸ்கிம்மருக்கான துளையை எப்போது வெட்டுவது? சுவரில் உள்ள ஸ்கிம்மர் துளைக்கு அரை அடி கீழே வரை தண்ணீர் ஏறிய பிறகுதான். முதல் தடவை நான் இதில் தப்புப் பண்ணினேன். காலியாக இருக்கும்போதே அழகாக அளந்து வெட்டிவிட்டேன். தண்ணீர் ஏற ஏற லைனர் கீழே இழுபட்டு, வெட்டிய வாய் ஓர் அங்குலம் இறங்கிப்போனது, கேஸ்கெட் பிடிக்கவே இல்லை, புது லைனர் வீண். கேஸ்கெட்டையும் முகப்புத் தகட்டையும் முதலில் திருகி இறுக்குங்கள், அப்புறம் உள்பக்கம் இருக்கிற வினைலை வெட்டி எடுங்கள். பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடாதீர்கள்.

கேள்வி: புது லைனர் போட்டு ஒரு வாரம்தான் ஆகிறது, குளம் நிறைந்துவிட்டது, அடியில் நாலைந்து மடிப்பு விழுந்திருக்கிறது. எல்லாத் தண்ணீரையும் இறைக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். சின்ன மடிப்பு என்றால், அடைப்பு எடுக்கிற ரப்பர் கப் புதிதாக ஒன்று வாங்கி, மடிப்புக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தி மெல்ல இழுத்துப் பாருங்கள், சில சமயம் நகரும். நகராவிட்டால் ஓரிரண்டு அங்குலம் விட்டு மிச்சத்தை இறைத்துச் சரி செய்யலாம், ஆனால் காலில் தட்டாத மடிப்பென்றால் நான் விட்டுவிடச் சொல்வேன். தண்ணீரின் பிஹெச் (அமில, காரத் தன்மை) அளவையும் பாருங்கள். 7-க்குக் கீழே நாள்கணக்கில் இருந்தால் வினைல் தண்ணீரை உறிஞ்சி உப்பி, மடிப்பு தானாகவே விழும். 7.2 முதல் 7.6 வரை இருக்கட்டும். குளோரின் மாத்திரையை நேராக அடியில் போடவே போடாதீர்கள், கிடக்கிற இடம் வெளுத்து நைந்துவிடும்.

கேள்வி: பழைய லைனர் மேலேயே புதியதைப் போட்டால் மெத்தை மாதிரி இருக்காதா?

பதில்: போடாதீர்கள். இரண்டுக்கும் நடுவே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், பழையதன் மடிப்பெல்லாம் புதியதில் தழும்பாக எழும்பும், முக்கியமாக ஓட்டைக்குக் காரணமான கல் அங்கேயே கிடக்கும். மெத்தை வேண்டுமென்றால் குளத்தின் அடியில் விரிப்பதற்கென்றே கெட்டியான துணி விரிப்பு கிடைக்கிறது, மணலுக்கு மேல் அதை விரித்துவிட்டு லைனரை இறக்குங்கள்.