உயர்ந்துவிட்ட துஜா வேலியைப் பாதியாக வெட்டினால் திரும்பத் தளிர்க்குமா?

யாழ்ப்பாணத்து முற்றங்களில் அழகுக்காக வைக்கும் துஜா, சைப்பிரஸ் போன்றவை பூவுக்குப் பதில் கூம்பு காய்க்கும் கூம்பு மரங்கள். உயரத்தைக் குறைக்கலாம், ஆனால் அளவோடு.

வேலிக்கு நடும் பூவரசந்தடியை, அதாவது பூவரசங்கதியாலை, எவ்வளவு கட்டையாகத் தறித்தாலும் மழை விழுந்ததும் துளிர்த்துவிடும். பழைய தண்டிலும் அதற்கு உறங்கும் மொட்டுகள் உண்டு. பெரும்பாலான கூம்பு மரங்களுக்கு அப்படியில்லை. யூ மரம் ஒரு விதிவிலக்கு. மற்றவற்றில் பச்சை இலை வெளிப்புறத்தில்தான் இருக்கும், புதுத் தளிரும் அங்கிருந்துதான் வரும். உள்ளே வெளிச்சம் படாத பழுப்புக் கிளையை வெட்டினால் அது மொட்டையாகவே நிற்கும்.

அதனால் உச்சியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். வேண்டிய உயரத்துக்கு அரை அடி கீழே வெட்டினால், பக்கக் கிளைகள் வளர்ந்து வெட்டுவாயை மூடிவிடும். பக்கங்களில் பச்சை நுனியை மட்டும் கத்தரியுங்கள், பழுப்புக் கிளைவரை வெட்டித்தான் பலரும் வேலியைக் கெடுக்கிறார்கள். சித்திரை, வைகாசி வெயிலில் கை வைக்கவே வேண்டாம், நிழலில் இருந்த இலை கருகும். அப்புறம், வெட்டுவதற்கு முன் குருவிக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள்.

உள்ளே பழுப்பாக இருப்பதை நோய் என்று நினைத்துச் சிலர் மருந்து அடிக்கிறார்கள். வெளிப்புறம் பச்சையாக இருந்தால் அது இயல்புதான், உரம் போட்டாலும் அந்தப் பகுதி பச்சையாகாது.