சொல்லிக்கொண்டிருந்த சொல் நின்றுபோனால்...

கேள்வி: மகனுக்கு 20 மாதம். 15 மாதத்தில்தான் நடந்தான். எட்டுப் பல்தான் முளைத்திருக்கிறது. பேச்சு இல்லை. மாமியார் நாக்கில் வசம்பு தேய்க்கிறார், நான் மூளை வளர்ச்சிக்கு டானிக் வாங்கிக் கொடுக்கிறேன். இணையத்தில் ஆட்டிசத்துக்கான 20 கேள்விகளுக்குப் பதில் போட்டதில் 6 மதிப்பெண் வந்தது. தூக்கமே போய்விட்டது. கணவரும் மூன்று வயதில்தான் பேசினாராம். ஒரு வயதில் ‘தாத்தா’, ‘பால்’ என்பான், டாட்டா காட்டுவான். இப்போது இரண்டு மாதமாக அதுவும் இல்லை. செல்போன் பார்த்ததால் வந்ததா?
- பெயர் வேண்டாம், அருப்புக்கோட்டை

பதில்: டாட்டா காட்டுவதை விட்டுவிட்டான் என்பதைத்தான் நீங்கள் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். நடையும் பல்லும் சரியாகவே இருக்கின்றன, விடுங்கள். பேச்சு தாமதமாவது வேறு, வந்த பேச்சும் சைகையும் நின்றுபோவது வேறு. இரண்டாவது எந்த வயதில் நடந்தாலும் உடனே காட்ட வேண்டும். கணவர் எப்போது பேசினார் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆட்டிசமா என்று கடிதத்தைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. நீங்கள் போட்ட பதில்களும் சொல்லாது. அந்தக் கேள்வித்தாள் 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. 3 முதல் 7 வரை வந்தால், மருத்துவர் ஒவ்வொரு பதிலையும் திரும்பக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும் என்பதுதான் விதி. அந்தப் பாதியை விட்டுவிட்டு ராத்திரியெல்லாம் அழுதால் என்ன பயன்?

முதலில் காது. குக்கர் விசிலுக்குத் திரும்புகிறானே என்பீர்கள். பெரிய சத்தம் கேட்கும் குழந்தைக்குப் பேச்சொலி தெளிவாகக் கேட்காமல் இருக்கலாம். சளி பிடித்த பிறகு காதுக்குள் நீர் தேங்கினாலும் கேட்பது மந்தமாகும். காதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால், சத்தம் காது நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் ‘பெரா’ (BERA) பரிசோதனையும் செய்வார்கள். குழந்தை தூங்கும்போது எடுப்பது, வலிக்காது.

கூடவே வளர்ச்சி மதிப்பீடு. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில், டி.இ.ஐ.சி. என்றால் தெரியும், இதை இலவசமாகவே செய்கிறார்கள். அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் கேட்டால் வழி சொல்வார்கள். இந்த வாரமே போங்கள். அவன் விளையாடுவதையும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன செய்கிறான் என்பதையும் இரண்டு நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். புது இடத்தில் குழந்தை அழும், மருத்துவர் கண்ணில் அது மட்டும்தான் படும்.

வசம்பை இன்றே நிறுத்துங்கள். பேச்சு வராது, வாந்திதான் வரும். மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். டானிக்கும் வேண்டாம், அந்தப் பணத்துக்கு முட்டை வாங்குங்கள். செல்போனால் ஆட்டிசம் வராது. யூடியூபில் ‘விர்ச்சுவல் ஆட்டிசம்’ என்று பயமுறுத்துபவர்களை நம்பாதீர்கள். ஆனால் இந்த வயதில் அதைக் கையில் கொடுக்கவும் வேண்டாம், அந்த நேரம் உங்களோடு பேசிச் சிரிக்க வேண்டிய நேரம்.

உடல் வெட்டி இழுத்தாலோ, நடந்தவன் தடுமாறினாலோ முன்பதிவுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மற்றபடி, என்ன நோய் என்று பெயர் தெரியும்வரை பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. மதிப்பீட்டில் பின்தங்கல் தெரிந்தாலே தொடங்கிவிடலாம். ‘மூன்று வயது வரை பார்க்கலாம்’ என்று யாராவது சொன்னால், அவர் மருத்துவராகவே இருந்தாலும், இன்னொருவரிடம் காட்டுங்கள்.