கடலை மாவு போட்டாலே முகம் காந்துகிறது

கேள்வி: எனக்கு வயது 34. பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை, நாள் முழுக்க ஏர்கோன். சின்ன வயதிலிருந்தே வறண்ட தோல். சோப்புப் போட்டால் முகம் சுண்டி இழுக்கிறது. அதனால் சோப்பை விட்டுவிட்டு, லிட்டில் இந்தியாவில் வாங்கிய குளியல் பொடியையும் கடலை மாவையும் மாற்றி மாற்றிப் போட்டேன். இரண்டு வாரமாகக் கன்னம் சிவந்து காந்துகிறது. எலுமிச்சைச் சாறும் ஆப்பச் சோடாவும் கலந்து தேய்க்கச் சொல்கிறாள் தோழி. முகம் கழுவ வீட்டிலேயே மென்மையாக ஏதாவது செய்துகொள்ள முடியுமா, டாக்டர்?
– பினாங்கு வாசகி

பதில்: முடியும். ஆனால் முதலில் தோழியின் யோசனையை ஓரங்கட்டிவிடுவோம். தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத் தன்மை கொண்டது. பிஎச் கணக்கில் (7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) சுமார் 5. சாதாரண சோப்பு 9, 10 என்று போகும். அதனால்தான் முகம் இழுக்கிறது. ஆப்பச் சோடாக் கரைசல் 8க்கு மேல், எலுமிச்சைச் சாறு 2ஐ ஒட்டி. இரண்டையும் கலந்தால் பொங்கி நுரைக்கும், பார்க்க ஏதோ வேலை நடப்பதுபோல இருக்கும். நுரை அடங்கிய பிறகு கிண்ணத்தில் சாறு மிஞ்சியதா சோடா மிஞ்சியதா என்பது யாருக்கும் தெரியாது. மிஞ்சியது எதுவானாலும் உங்கள் கன்னத்துக்கு ஆகாது.

எலுமிச்சையில் இன்னொரு வம்பும் உண்டு. ஒரு தைப்பூசத்துக்கு மறுவாரம் இளைஞர் ஒருவர் கிளினிக்குக்கு வந்தார். தண்ணீர்ப் பந்தலில் காலையிலிருந்து எலுமிச்சை பிழிந்து கொடுத்திருக்கிறார், வெயிலில் நின்றபடி. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சாறு வழிந்த தாரை அப்படியே சிவந்து, இரண்டு இடத்தில் கொப்பளித்திருந்தது. யாரோ கொதிக்கும் தண்ணீரை ஊற்றிவிட்டார்கள் என்றுதான் அவர் அம்மா நினைத்தாராம். சாற்றில் இருக்கும் சில பொருள்கள் வெயில் பட்டதும் தோலைச் சுடும். புண் ஆறினாலும் கறுப்பு போக மாதக்கணக்கில் ஆகும். முகத்தில் அது வேண்டாமே.

சரி, குளியல் பொடிக்கு வருவோம். இதை என் அம்மா படித்தால் கோபித்துக்கொள்வார். பயத்தம் மாவு தேய்த்துத்தான் எங்களை வளர்த்தார், எங்கள் தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தக் காலத்து வழக்கத்தை முழுசாக நினைத்துப் பாருங்கள். சனிக்கிழமை உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய், அரை மணி நேரம் ஊறல், அதற்கப்புறம்தான் மாவு. உடம்பில் வழியும் எண்ணெயை எடுக்க வந்த பொடி அது. நாம் எண்ணெயை விட்டுவிட்டுப் பொடியை மட்டும் பிடித்துக்கொண்டோம். ஏற்கெனவே எண்ணெய்ப் பசை இல்லாத முகத்தில் கடலை மாவைப் பூசிக் காயவிட்டுத் தேய்த்தால், இருக்கிற கொஞ்சத்தையும் அது உறிஞ்சிக்கொண்டு போகும். கரகரவென்று தேய்ப்பதில் மேல்தோலும் கீறுபடும். எண்ணெய் வடியும் முகம் உள்ளவர்களுக்கு அதே மாவு நல்லது.

கடையில் விற்கும் பொடி இன்னும் சிக்கல். ஒவ்வொரு கடைக்கும் ஒரு கலவை. கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ரோஜா இதழ் எல்லாம் வாசனைக்காகச் சேர்ப்பவை. வாசனைதான் மென்மையான தோலுக்கு முதல் எதிரி. பல கலவைகளில் கார்போகரிசி என்ற விதையும் இருக்கும். அதில் சோராலென் என்ற பொருள் உண்டு. வெயிலோடு சேர்ந்து தோலைச் சிவக்க வைக்கும் குணத்தில் அது எலுமிச்சைச் சாற்றுக்கு உறவுக்காரன். வெண்புள்ளி சிகிச்சையில் அதை அளந்துதான் கொடுப்பார்கள். முகத்தில் அள்ளிப் பூசுகிற சாமான் இல்லை. பொட்டலத்தை இனி எடுக்காதீர்கள். சிவப்பு அடங்கும்வரை நான்கைந்து நாள் வெறும் தண்ணீரும் வாசனையில்லாத மாய்ஸ்ச்சரைசரும் போதும்.

அப்புறம் தொடங்கலாம். உங்களுக்கு நான் சொல்வது ஓட்ஸ். கஞ்சி வைக்கிற வெறும் ஓட்ஸ். சர்க்கரையும் பால்பவுடரும் கலந்த த்ரீ-இன்-ஒன் பாக்கெட் இல்லை. நைசாக அரைத்த ஓட்ஸைத் தோலைக் காக்கும் பொருளாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2003இல் அங்கீகரித்திருக்கிறது. அதிலுள்ள மாவுச்சத்தும் பீட்டா குளூக்கன் என்ற நார்ச்சத்தும் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அவினாந்த்ரமைடு என்ற பொருள் அரிப்பைத் தணிக்கும். அழுக்கை எடுக்கும் சப்போனினும் கொஞ்சம் உண்டு. முகத்துக்கு அந்தக் கொஞ்சமே போதும்.

அரை கப் ஓட்ஸை ஈரமில்லாத பிளெண்டரில் போட்டு, மைதா மாதிரி ஆகும்வரை அரைத்துச் சலியுங்கள். பதம் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி மாவைப் போட்டுக் கலக்குங்கள். தண்ணீர் பால்போல வெளுத்து, விரலை விட்டால் வழுவழுப்பாக இருக்க வேண்டும். அடியில் தவிடு மாதிரி படிந்தால் இன்னும் அரைபடவில்லை. அந்தத் தவிடு முகத்தைக் கீறும். சரியான மாவை மூடி இறுகின கண்ணாடிப் போத்தலில் வையுங்கள். ஈரக் கரண்டியை உள்ளே விடாதீர்கள், நம்மூர்க் காற்றில் பூஞ்சைக்கு அது போதும்.

கழுவும்போது ஒரு தேக்கரண்டி மாவு, இரண்டு தேக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர், பார்மசியில் கிடைக்கும் கிளிசரின் நான்கைந்து துளி. உள்ளங்கையிலேயே குழைத்து, இரண்டு நிமிடம் ஊறவிட்டு, நனைந்த முகத்தில் விரல் நுனியால் அரை நிமிடம் தடவிக் கழுவிவிடுங்கள். காயவிட வேண்டாம், தேய்க்க வேண்டாம். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுசாகப் போகும்முன் மாய்ஸ்ச்சரைசர் போடுங்கள். கழுவுவதைவிட இந்தக் கடைசி வேலைதான் உங்கள் முகத்துக்கு முக்கியம்.

குழைத்தது மிஞ்சினால் கொட்டிவிடுங்கள். ஃபிரிஜ்ஜில் வைத்து ஒரு வாரம் ஓட்டலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். தண்ணீரும் மாவும் சேர்ந்த எதுவும் கிருமிக்குச் சாப்பாடு. கடைப் பொருளில் அதைத் தடுக்கப் பதப்படுத்தும் பொருள் இருக்கும், உங்கள் கிண்ணத்தில் இருக்காது.

முகத்துக்கு முன் முழங்கை உள்மடிப்பில் ஒரு வாரம் தினமும் தடவிப் பாருங்கள். ஒவ்வாமை உடனே காட்டிக்கொடுக்காது, இரண்டு மூன்று நாள் கழித்துக்கூட வரும். ஓட்ஸ் சாப்பிட்டு ஒவ்வாமை கண்டவர்கள் இதைத் தொடவே வேண்டாம். வெடித்து நீர் கசியும் தோலிலும் போடாதீர்கள், குழந்தைகளின் கரப்பானில் முக்கியமாக. சாப்பாட்டுப் பொருள்தானே, என்ன செய்துவிடும் என்று இருக்க முடியாது. ஜப்பானில் கோதுமைப் புரதம் சேர்த்த ஒரு முகச் சோப்பைப் பயன்படுத்திய 2,000க்கும் மேற்பட்டவர்களுக்குப் பின்னால் கோதுமை ஒவ்வாமையே வந்துவிட்டது. தோல் வழியாக உடம்பு அந்தப் புரதத்தை எதிரியாக்கிக்கொண்டது.

தயிர், தேன், பன்னீர் கேட்பீர்கள். சிவந்த கன்னத்தில் தயிர் எரியும், பன்னீர் மறுபடியும் வாசனை, தேன் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. தேங்காய் எண்ணெய் கை கால் வறட்சிக்கு நல்லது. முகத்தில் பருவைக் கிளப்பும். மூக்கோரத்திலும் புருவத்திலும் மஞ்சள் செதில் உதிர்கிறவர்கள் எந்த எண்ணெயும் பூச வேண்டாம், அங்கே வளரும் ஈஸ்டுக்கு அது தீனி.

ஓட்ஸ் மாவுக்குச் சன்ஸ்கிரீனையும் மேக்கப்பையும் எடுக்கும் பலம் கிடையாது. அந்த நாள்களில் வாசனையும் சோப்பும் இல்லாத பார்மசி கிளென்சரே மேல். வீட்டில் செய்தது என்பதாலேயே ஒன்று அதைவிட உயர்ந்ததாகிவிடாது. அரசாங்கக் கிளினிக்கில் அக்குவஸ் கிரீம் கொடுத்தால் அதையும் சோப்புக்குப் பதிலாகத் தடவிக் கழுவலாம். ஆனால் கழுவாமல் முகத்திலேயே விட்டுவிடாதீர்கள். அதில் நுரைக்கும் பொருள் சேர்வது வழக்கம். மணிக்கணக்கில் தங்கினால் அதுவே காந்தும்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழுவுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஏர்கோனில் முகம் வறண்டு போய், வேலை இடைவேளைதோறும் கழுவுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். பினாங்கு வெளிக்காற்றில் ஈரம் 80 சதவீதத்தை ஒட்டி இருக்கும், உள்ளே அதைவிடக் குறைவுதான். கழுவக் கழுவ இன்னும் காயும். ஓட்ஸ் இரவில் ஒரு தடவை, காலையில் தண்ணீர் மட்டும். நடுவில் இழுத்தால் கழுவாமல் மாய்ஸ்ச்சரைசரை இன்னொரு தரம் போடுங்கள்.

இன்னொன்றையும் நீங்கள் எழுதவில்லை, நானே கேட்டுவிடுகிறேன். பசார் மாலாமிலோ இணையத்திலோ வாங்கிய வெளுக்கும் கிரீம் ஏதாவது போட்டீர்களா? நம் நாட்டு மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்பிஆர்ஏ, பாதரசமும் ஸ்டீராய்டும் கலந்த கிரீம்களைப் பெயர் சொல்லி அறிவித்துக்கொண்டேதான் இருக்கிறது. ஸ்டீராய்டு கிரீமை நிறுத்திய சில நாளில் முகம் இப்படித்தான் சிவந்து காந்தும், எதைப் போட்டாலும் எரியும். அதற்கு ஓட்ஸ் மருந்தல்ல. கண் இமை வீங்கினாலும், நீர் கசிந்தாலும், எல்லாவற்றையும் நிறுத்தி இரண்டு வாரமாகியும் சிவப்பு அடங்காவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். போகும்போது இந்த ஒரு வருடத்தில் முகத்தில் போட்ட எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள், லேபிள் இல்லாத டப்பாவையும் சேர்த்து.