வயலின் கீச்சிடுகிறதா? வலது கையைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 47 வயது. சின்ன வயதில் இரண்டு வருடம் வாய்ப்பாட்டு கற்றேன். இப்போது நான்கு மாதமாக ஆன்லைனில் கர்நாடக வயலின் கற்கிறேன். சரளி வரிசை (ஆரம்பச் சுரப் பயிற்சி) வாசித்தால் கீச்சென்றுதான் சத்தம் வருகிறது. காந்தாரம் (க) தினமும் ஒவ்வொரு இடத்தில் விழுகிறது. செயலியைப் பார்த்து 1 கட்டைக்கு (ச-வை 'சி' சுரத்தில் வைத்து) சுருதி சேர்க்கையில் முதல் தந்தி இரண்டு முறை அறுந்துவிட்டது. சம்மணமிட்டால் கால் மணி நேரத்தில் முழங்கால் வலி. "இந்த வயதில் விரல் வளையாது" என்கிறார் வீட்டுக்காரர். நிறுத்திவிடலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: நிறுத்த வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பவற்றில் முழங்கால் ஒன்றைத்தான் வயதின் கணக்கில் எழுதலாம். மற்றவை பத்து வயதுப் பிள்ளைக்கும் வருபவைதான்.

முதலில் தந்தி. ச-ப-ச-ப என்று சேர்க்கும்போது, 1 கட்டையில் முதல் (மிக மெல்லிய) தந்தியின் பஞ்சமம் (ப), மேற்கத்தியப் பெயரில் 'ஜி'. செயலி 'ஜி' என்று காட்டுமே தவிர, எந்த ஸ்தாயி (மேலடுக்கா, கீழடுக்கா) ஜி என்பதைப் பல செயலிகள் கண்ணில் படும்படி சொல்வதில்லை. கடையில் வாங்கும் முதல் தந்தி மேற்கத்திய முறைப்படி 'ஈ'-க்காகச் செய்தது. அதை இறக்கித்தான் உங்கள் ஜி-க்கு வர வேண்டும். முறுக்கி ஏற்றினால் அடுத்த ஸ்தாயி ஜி-யைத் தொடுவதற்குள் அறுந்துவிடக்கூடும். உங்களுக்கு நடந்தது அநேகமாக இதுதான்.

சரியாக இறக்கியிருந்தாலும் 1 கட்டை உங்களுக்கு ஒத்துவராது. சாதாரணத் தந்திகளை அவ்வளவு தளர்த்தினால் முதல் இரண்டு தந்திகளிலும் இழுவிசை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். தொளதொளத்த தந்தியை வில் கவ்வாது, வழுக்கும். தாழ்ந்த கட்டையில் பாடுகிறவர்களுக்கு வாசிப்பவர்கள் கனமான தந்தி பூட்டிக்கொள்வதுண்டு. ஆரம்பத்திலேயே அது உங்களுக்கு எதற்கு? ஆசிரியரிடம் சொல்லிவிட்டு 5 கட்டைக்கு மாறுங்கள். கனத்த தந்தியிலிருந்து வரிசையாக ஜி, டி, ஜி, டி. கனத்த இரண்டும் மேற்கத்தியச் சுருதியிலேயே இருக்கும், மெல்லிய இரண்டையும் இரண்டிரண்டு சுரஸ்தானம் இறக்கினால் போதும். பெண் குரலுக்கும் பொதுவாக 5 கட்டை தோதானது என்பதால் வாசிப்பதைக் கூடவே பாடலாம். பெக்கை (தந்தியை முறுக்கும் திருகை) திருப்பும்போதே உள்நோக்கி அழுத்துங்கள், நழுவாது. சேர்த்து முடித்ததும் பிரிட்ஜை (தந்திகளைத் தாங்கி நிற்கும் சிறு மரத்துண்டை) பக்கவாட்டில் பாருங்கள். தந்தியை முறுக்க முறுக்க பிரிட்ஜின் தலை ஃபிங்கர்போர்டு (விரல் வைக்கும் பலகை) பக்கம் சாயும். அதை ஒட்டி வைத்திருப்பதில்லை. சாய்வை அப்படியே விட்டால் ஒருநாள் படாரென்று விழும். தந்தி மாற்றும்போது நான்கையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள், ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

இனி கீச்சு. இதில் இடது கையின் பங்கு மிகக் குறைவு. வில்லின் எடை, வேகம், தந்தியைத் தொடும் இடம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். எடையில்லாமல் வேகமாக இழுத்தால் கீச்சிடும். அழுத்தி மெதுவாக இழுத்தால் கரகரக்கும். தொடும் இடம் ஃபிங்கர்போர்டு முனைக்கும் பிரிட்ஜுக்கும் நட்டநடுவில் இருக்கட்டும். பெரியவர்கள் கற்கும்போது அடிக்கடி நேர்கிற பிழை ஒன்று உண்டு: தோளிலிருந்து முழுக்கையையும் இழுப்பது. அப்படி இழுத்தால் வில் அரைவட்டம் போடும், தந்தியின் மேல் கோணலாக நகரும், கத்தும். வில்லின் பாதியைத் தாண்டியதும் தோளை நிறுத்தி, முழங்கையை விரியவிடுங்கள். எதிரே கண்ணாடி வைத்து, தந்தியும் வில்லும் கூட்டல் குறிபோல் நிற்கின்றனவா என்று பாருங்கள். கட்டைவிரல் லேசாக மடிந்திருக்க வேண்டும். விறைத்துவிட்டால் தோள்வரை விறைப்பு ஏறும்.

வில்லின் முடிக்கும் கம்புக்கும் நடுவே ஒரு பென்சில் நுழையும் இடைவெளி போதும், வாசித்து முடித்ததும் தளர்த்திவிடுங்கள். முடியைக் கையால் தொட்டால் எண்ணெய் ஏறி, அந்த இடத்தில் ஒலி எழும்பாது. புது ரோஸின் (வில்முடியில் பூசும் பிசின்கட்டி) கண்ணாடிபோல் வழவழவென்றிருந்தால் உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்துவிட்டுப் பூசுங்கள். அதற்குப் பின் தினம் நான்கைந்து இழுப்பு போதும். மாவு பறக்கிற அளவுக்குப் பூசினாலும் கரகரக்கத்தான் செய்யும்.

இரண்டு வாரத்துக்குச் சரளியை மூட்டை கட்டி வையுங்கள். வெறும் தந்தி மட்டும்: நிமிடத்துக்கு 60 தட்டு, ஒரு வில்லுக்கு 4 தட்டு, ஒலி நடுங்காமல் வந்ததும் 8. சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒலி சுத்தமாக வராதவரை சுரம் தப்பியதா, வில் தப்பியதா என்று காதுக்குப் பிரித்தறிய முடியாது.

காந்தாரத்துக்கு ஸ்கேலை எடுங்கள். முழு அளவு வயலினில் அதிரும் தந்தியின் நீளம் சுமார் 32.5 செ.மீ. பெக் பக்கம் தந்தி ஏறிவரும் சிறு மேட்டிலிருந்து அளந்தால், சரளி வரிசையின் ராகமான மாயாமாளவகௌளையின் ரி சுமார் 2 செ.மீ.யிலும், க 6.5-லும், ம 8.1-லும் விழும். ரி-க்கும் க-வுக்கும் 4.5 செ.மீ. இடைவெளி, க-வுக்கும் ம-வுக்கும் ஒன்றரைதான்! கை இதை நம்பாது. மூன்று விரலையும் சம தூரத்தில் வைக்கப் பார்க்கும், க இறங்கிவிடும். ரி விரலை எடுக்காமலேயே நடுவிரலை எட்டி வையுங்கள், மோதிர விரல் அதை ஒட்டி உட்காரட்டும். அடுத்த தந்தியில் ப-த-நி-ச-வுக்கும் இதே அச்சுதான். வைக்கும் முன் சுரத்தைப் பாடிவிடுங்கள், நீங்கள் கற்ற வாய்ப்பாட்டு இங்கேதான் கைகொடுக்கும். விரல் விஷயத்தில் வீட்டுக்காரர் கவலைப்பட வேண்டாம். இந்த 4.5 செ.மீ. சிறு பிள்ளைகளுக்குத்தான் எட்டாது; அதனால்தான் அவர்களுக்கு அரை, முக்கால் அளவு வயலின்.

ஸ்டிக்கர் ஒட்டலாமா? ஓரிரு மாதத்துக்கு ஒட்டலாம், அதற்குமேல் கண்தான் வாசிக்கும். அதைவிட நல்ல சோதனை: மூன்றாம் தந்தியில் மோதிர விரலால் ச வாசியுங்கள். சுரம் சரியாக விழுந்தால், தொடாத இரண்டாம் தந்தி தானாக அதிர்ந்து கலங்கினாற்போல் தெரியும். மயிரிழை விலகினாலும் அது அசையாது.

முழங்காலுக்கு, மூன்று நான்கு அங்குல உயரமுள்ள கெட்டியான திண்டின் மேல் உட்காருங்கள். இடுப்பைவிட முழங்கால் தாழ்ந்தால் வலி குறையும். வலது பாதத்தைச் சற்று முன்னால் விட்டு, கணுக்கால் உட்புறத்தில் வயலின் தலையைச் சாய்த்து வையுங்கள். வயலினைத் தாங்குவது பாதமும் தோளும்தான். இடது கை தாங்க ஆரம்பித்தால் பின்னால் கமகத்துக்கு (சுரத்தை அசைத்து வாசிப்பதற்கு) கை நகராது. நாற்பது நிமிடத்தை இருபது இருபதாகப் பிரித்து, நடுவில் எழுந்து நடங்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் சேர்த்து வாசிப்பது இதற்கு ஈடாகாது.

ஆன்லைன் வகுப்பில் கேமரா உங்கள் முகத்தைக் காட்ட வேண்டியதில்லை. வில் தந்தியைத் தொடும் இடமும் வலது முழங்கையும் தெரியும்படி, வலப்பக்கத்தில் கொஞ்சம் உயரமாக வையுங்கள். முடிந்தால் மாதம் ஒருமுறை உள்ளூரில் யாராவது வயலின் ஆசிரியரிடம் நேரில் போய் வில் பிடியை மட்டுமாவது காட்டிவிட்டு வாருங்கள்.