வாசகர் கேள்வி – பதில்: கான்ஃபரன்ஸ் மாறும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கும் கொங்கு வட்டாரப் பெற்றோர் சிலரும், இங்குள்ள விளையாட்டு ஆர்வலர்களும் அனுப்பிய கேள்விகள் ஒரே பொருளைப் பற்றியவையாக இருந்ததால், இந்த இதழில் அவற்றைச் சேர்த்தே எடுத்துக்கொள்கிறோம். இங்கே கால்பந்து என்று குறிப்பிடுவது, நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தை.

பொள்ளாச்சி வாசகி: என் மகள் ஆரிகன் மாநிலத்தில், கார்வாலிஸ் ஊரில் உள்ள பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். “கூட இருந்த காலேஜ் எல்லாம் எங்களை விட்டுட்டுப் போயிருச்சும்மா” என்று போனில் வருத்தப்பட்டாள். என்ன நடந்தது, ஐயா?

தங்கள் மகள் படிக்கும் ஆரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம், பேக்-12 என்னும் கான்ஃபரன்ஸைச் சேர்ந்தது. ஆண்டுதோறும் தங்களுக்குள் முறை வைத்து ஆடவும், அந்த ஆட்டங்களின் தொலைக்காட்சி உரிமையைச் சேர்ந்தே விற்று வருவாயைப் பங்கிட்டுக்கொள்ளவும் பல்கலைக்கழகங்கள் தாமாகவே அமைத்துக்கொள்ளும் கூட்டமைப்பையே கான்ஃபரன்ஸ் என்கிறார்கள். அரசோ வேறு மேலமைப்போ எந்தப் பல்கலைக்கழகம் எங்கே இருக்க வேண்டும் என்று ஒதுக்கித் தருவதில்லை. சேர்வதும் விலகுவதும் அந்தந்த நிர்வாகங்களின் முடிவு.

1915-இல் பசிபிக் கடற்கரையோரம் தொடங்கிய மரபைச் சேர்ந்த இந்தக் கூட்டமைப்பிலிருந்து, லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் இரு பெரும் பல்கலைக்கழகங்களான யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் விலகி, நாட்டின் நடுப்பகுதியை மையமாகக் கொண்ட பிக் டென் கூட்டமைப்பில் சேரப்போவதாக 2022 ஜூன் இறுதியில் அறிவித்தன. அடுத்த ஆண்டு ஜூலையில் கொலராடோ விலகியது. 2023 ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஐந்து பல்கலைக்கழகங்கள் வெளியேறின: ஆரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கும், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12 என்னும் வேறொரு கூட்டமைப்புக்கும் போயின. சில வாரங்களில் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியாவும் அட்லாண்டிக் கரையோரத்துக் கூட்டமைப்பான ஏ.சி.சி.யில் இடம் தேடிக்கொண்டன. பன்னிரண்டில் மிஞ்சியவை தங்கள் மகளின் ஆரிகன் ஸ்டேட்டும், புல்மன் ஊரிலுள்ள வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டுமே. இரண்டும் சிறிய ஊர்களில் இருப்பவை. தொலைக்காட்சி நிறுவனங்கள் கணக்கிடும் பெருநகரச் சந்தை அவற்றுக்குப் பின்னால் இல்லை. கார்வாலிஸிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் யூஜீன் ஊரின் ஆரிகன் பல்கலைக்கழகம், 1894 முதல் எதிரணியாக ஆடிவந்த பக்கத்து வீடு, அதுவும் போய்விட்டது என்பதுதான் தங்கள் மகளைப் போன்ற மாணவர்களை மிகுதியாக வருத்தியிருக்கும். அந்த வருத்தம் நியாயமானதே.

திருப்பூர் வாசகர்: கல்லூரி விளையாட்டில் தொலைக்காட்சிப் பணத்துக்கு இவ்வளவு வலு எப்படி வந்தது?

1984 வரை எந்த ஆட்டத்தை, எத்தனை முறை ஒளிபரப்பலாம் என்பதைத் கல்லூரி விளையாட்டுகளுக்கான தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ.தான் முடிவு செய்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் தொடுத்த வழக்கில், இந்தக் கட்டுப்பாடு வணிகப் போட்டியைத் தடுக்கும் செயல் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7–2 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அன்று முதல் உரிமையை விற்கும் வேலை கான்ஃபரன்ஸ்களின் கைக்கு வந்தது. அதிக மாநிலங்களையும் அதிக புகழ்பெற்ற அணிகளையும் வைத்திருப்பவர் அதிக விலை கேட்கலாம் என்ற நிலையும் உருவானது.

இதன் உள்கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். பிக் டென் 2007-இல் தனக்கெனத் தொலைக்காட்சி அலைவரிசை ஒன்றைத் தொடங்கியது. உறுப்புப் பல்கலைக்கழகம் உள்ள மாநிலங்களில், ஆட்டத்தைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், கேபிள் இணைப்பு வைத்திருக்கும் வீட்டின் மாதக் கட்டணத்தில் அந்த அலைவரிசைக்குச் சேரும் தொகை கூடுதலாக இருந்தது. 2014-இல் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸும் மேரிலாந்தும் சேர்க்கப்பட்டதற்கு, நியூயார்க், வாஷிங்டன் நகரங்களைச் சுற்றியுள்ள வீடுகளே முக்கியக் காரணம். களத்தில் அவ்விரு அணிகளின் பெருமை இரண்டாம் இடத்தில்தான் இருந்தது. பின்னர் மக்கள் கேபிளைக் கைவிடத் தொடங்கியதும், நாடு முழுவதும் உட்கார்ந்து பார்க்கும் பெரிய ஆட்டங்களுக்கே மதிப்பு என்று கணக்கு மாறியது. டெக்சாஸையும் ஓக்லஹோமாவையும் தென்கிழக்கின் எஸ்.இ.சி. சேர்த்துக்கொண்டதும், லாஸ் ஏஞ்சலிஸ் அணிகளைப் பிக் டென் ஈர்த்ததும் இந்தப் புதிய கணக்கின்படிதான். 2022 ஆகஸ்டில் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. நிறுவனங்களோடு பிக் டென் செய்துகொண்ட ஏழாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு ஏறத்தாழ 700 கோடி டாலர். இன்று அதில் 18 பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன.

ஈரோட்டிலிருந்து ஓர் உடற்கல்வி ஆசிரியர்: எங்கள் பிள்ளைகளைக் குறுமையப் போட்டிக்குக் காலையில் பேருந்தில் அழைத்துச் சென்றால் மாலையில் வீடு சேர்த்துவிடுவோம். அங்கே கால்பந்துக்காகக் கான்ஃபரன்ஸ் மாறினால், மற்ற விளையாட்டுப் பிள்ளைகளின் நிலை என்ன?

நமக்கு வந்தவற்றில் மிக முக்கியமான கேள்வி இதுவென்று கருதுகிறோம், ஆசிரியர் ஐயா. கால்பந்து அணி பருவத்துக்குப் பன்னிரண்டு ஆட்டங்கள் ஆடுகிறது; அவற்றில் பாதியளவு சொந்த மைதானத்திலேயே நடக்கின்றன; வெளியூர்ப் பயணமும் பெரும்பாலும் வார இறுதியில், தனி விமானத்தில். பெண்களின் சாஃப்ட்பால் அணியோ பருவத்துக்கு ஐம்பது ஆட்டங்களை ஒட்டி ஆடுகிறது. வாலிபால், கூடைப்பந்து அணிகள் வார நாள்களிலும் பயணம் செய்ய வேண்டியிருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸுக்கும் நியூ ஜெர்சிக்கும் இடையே ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். கோயம்புத்தூரிலிருந்து டெல்லிக்குப் போவதைவிட வெகு தொலைவு. கடிகாரத்தில் மூன்று மணி நேர வேறுபாடு. இரவு ஆட்டம் முடித்துத் திரும்பி மறுநாள் வகுப்பில் உட்கார வேண்டிய அந்தப் பெண்ணின் விளையாட்டுக்காக எந்தத் தொலைக்காட்சி நிறுவனமும் இந்த மாற்றத்தைக் கேட்கவில்லை. வருவாய் கால்பந்துக்கு உரியதாக இருக்க, அலைச்சல் மட்டும் எல்லோருக்கும் பங்கிடப்பட்டிருக்கிறது. இது அநீதி என்றே சொல்வோம்.

கால்பந்து வருவாய்தான் மற்ற விளையாட்டுகளைத் தாங்குகிறது என்று நிர்வாகங்கள் கூறுவதில் உண்மை உண்டு. பல பல்கலைக்கழகங்களில் நீச்சலுக்கும் தடகளத்துக்கும் செலவிடும் பணம் கால்பந்திலிருந்தே வருகிறது, யு.சி.எல்.ஏ.வின் விளையாட்டுத் துறை பெரும் பற்றாக்குறையில் இருந்ததும் தெரிந்ததே. ஆனால் பணம் கால்பந்திலிருந்து வருவதற்காக, வாலிபால் அணியும் அதே கான்ஃபரன்ஸில் ஆடியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நோட்ரடேம் பல்கலைக்கழகம் கால்பந்தில் எந்தக் கூட்டமைப்பிலும் சேராமல் தனித்து ஆடிக்கொண்டே, பெரும்பாலான பிற விளையாட்டுகளை ஏ.சி.சி.யில் ஆடிவருகிறது. கனெடிகட் பல்கலைக்கழகம் 2020-இல் தன் மற்ற அணிகளைப் பழைய அண்டை வீட்டாருள்ள பிக் ஈஸ்ட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்து, கால்பந்தைத் தனியே நிறுத்தியது. அதன் ஆண்கள் கூடைப்பந்து அணி 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் தேசியப் பட்டம் வென்றது. கால்பந்தை நாடளாவிய வணிகமாக நடத்துவதென்று முடிவு செய்துவிட்டவர்கள், மற்ற விளையாட்டுகளைப் பேருந்தில் போய்த் திரும்பும் தொலைவுக்குள் வைப்பதற்கு வழி திறந்தே இருக்கிறது.

கரூர் வாசகர்: ஆடும் மாணவர்களுக்கு அந்தப் பணத்தில் பங்கு உண்டா?

நெடுங்காலம் கல்வி உதவித்தொகையைத் தாண்டி எதுவும் இல்லை. 2021 ஜூலை முதல் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்திப் பணம் பெற அனுமதி கிடைத்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகமே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு, ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர். இந்தச் செலவைச் சமாளிக்கப் பெரிய கான்ஃபரன்ஸில் இருக்க வேண்டும் என்ற நெருக்கடி இதனால் இன்னும் கூடியிருக்கிறது.

நாமக்கல் வாசகர்: என் மகன் ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர இருக்கிறான். அவன் படித்து முடிப்பதற்குள் மறுபடியும் மாறுமா?

டெக்சாஸ் 2024-இல்தான் எஸ்.இ.சி.க்குள் வந்தது, அது உடனே நகரும் என்று எதிர்பார்க்கக் காரணம் இல்லை. மற்ற இடங்களில் அசைவு தொடர்கிறது. இருவராக நின்ற பேக்-12, பாய்சி ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட், டெக்சாஸ் ஸ்டேட் முதலியவற்றைச் சேர்த்து 2026 முதல் மீண்டும் ஆடத் திட்டமிட்டது. ஏ.சி.சி.யோடு வழக்காடிய ஃப்ளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் 2025-இல் சமரசம் செய்துகொண்டன. அதன்படி அக்கூட்டமைப்பை விட்டு விலகுவதற்கான தொகை ஆண்டுதோறும் குறைந்து, 2030-ஐ ஒட்டி 7.5 கோடி டாலருக்கு இறங்கும். பிக் டென்னின் ஒப்பந்தமும் அந்தக் காலத்தில்தான் முடிகிறது. ஆகவே அடுத்த பெரிய இடப்பெயர்வு தங்கள் மகன் பட்டம் பெறும் வேளையிலோ அதற்குப் பின்னரோ வரக்கூடும்.

அவருக்கு மகிழ்ச்சி தரும் செய்தியும் ஒன்று உண்டு. 2011-க்குப் பின் கான்ஃபரன்ஸ் பிரிவால் நின்றுபோன டெக்சாஸ் – டெக்சாஸ் ஏ அண்ட் எம் ஆட்டம், இரண்டும் ஒரே கூட்டமைப்புக்குள் வந்ததால் 2024-இல் திரும்பிவிட்டது. நவம்பர் இறுதியில் நடக்கும் அந்த ஆட்டத்துக்கு, மாணவர் நுழைவுச்சீட்டு கிடைத்தால், தவறாமல் போய்வரச் சொல்லுங்கள்.